பூப்பொட்டலமும் மூடிய உறையும்

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் சயரோகம் பிடித்திருக்கிறது என்று தெரிய அத்தனை நாள் ஆனதற்கு மிளகாய்த்தூள்தான் காரணம். சிங்கப்பூரில், அறுபதுகளின் தொடக்கம் அது. தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மசாலா மில்லில் அவருக்கு வேலை. அந்த மில்லில் இருமாதவர் யாருமில்லை. வாசலில் தூள் வாங்க நிற்பவர்களும் தும்மிக்கொண்டேதான் பையை நீட்டுவார்கள். அதனால் இவர் இருமியபோது யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. நானே ஒரு துண்டு வெல்லத்தைக் கையில் கொடுத்து, "சப்பிக்கிட்டே இருங்க, தூள் இறங்கிடும்" என்பேன்.

"மிளகா அரைக்கிறவனுக்கு இருமல் வராம பன்னீரா வரும்?" என்று சிரிப்பார்.

சட்டை தொளதொளத்தது. சாயங்காலமானால் உடம்பு வெதுவெதுவென்று சுடும். ஒரு நாள் அவருடைய கைக்குட்டையைத் துவைக்க எடுத்தேன். அதில் சிவப்பு. அப்போதும் அதைத் தூள் என்று நினைத்துத்தான் தண்ணீரில் முக்கினேன். தூளாக இருந்தால் அடியில் மண் மாதிரித் தங்கும். இது தங்கவில்லை, நூல் நூலாகப் பிரிந்து மிதந்தது. வாளியை அப்படியே விட்டுவிட்டு வந்து அம்மன் படத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனோம். எங்களைப் பார்த்த டாக்டர் யாழ்ப்பாணத்துத் தமிழர், தலை நரைக்கத் தொடங்கியவர். நெஞ்சைப் பிடித்த படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார்.

"இஞ்ச பாருங்கோ. இந்தப் பஞ்சு மாதிரி வெள்ளை தெரியுதெல்லோ, அதுதான் சய வருத்தம். பயப்பிடாதேங்கோ. முந்தி மாதிரி இல்லை, இப்ப நல்ல மருந்து இருக்கு."

பிறகு அவர் சொன்னதுதான் எங்கள் வீட்டில் புயலைக் கிளப்பியது. முன்பெல்லாம் சயம் என்றால் மாதக்கணக்கில் வார்டில் படுக்க வேண்டும். இப்போது ஊசியும் மாத்திரையும் நன்றாக வேலை செய்கின்றன. அப்படியானால், வீட்டிலிருந்தபடி அதே மருந்தை எடுத்தாலும் வார்டில் படுத்தவர்களைப் போலவே குணமாகுமா? இதைத்தான் அவர்கள் ஆராய்ந்து கொண்டிருந்தார்கள். சம்மதித்தவர்களில் ஒரு பாதிப்பேர் வார்டில், மற்றப் பாதிப்பேர் வீட்டில்.

"நாங்க எதுல ஐயா?" என்று கேட்டேன்.

"அது எனக்கே தெரியாது, பிள்ளை. ஒட்டின உறைக்குள்ள எழுதியிருக்கு. நீங்கள் சம்மதிச்ச பிறகுதான் உடைப்பம். விருப்பம் இல்லையெண்டால் கட்டாயம் ஒண்டுமில்லை. யோசிச்சுப்போட்டு நாளைக்கு வாங்கோ."

பஸ்ஸில் வரும்போது இவர் வாயே மூடவில்லை. "டாக்டருக்கே தெரியாதாம்லா! பிறகு அவரு எதுக்கு டாக்டரு?" என்று என்னிடம் கேட்டார். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

எங்களுக்கு இருந்தது ஒரே அறை. கெர்பாவ் ரோட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில், சுவருக்குப் பதிலாகப் பலகை அடித்துத் தடுத்த அறை. அதில் நாங்கள் இருவரும் எங்கள் மகளும். அவளுக்கு அப்போது நாலு வயது. அப்பா மில்லிலிருந்து வந்ததும் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்குகிற பிள்ளை. இவர் இருமும்போதெல்லாம் அவள் முகம் இவர் முகத்தருகேதான் இருந்திருக்கிறது. இவர் பிழைக்க வேண்டும், பிள்ளைக்கு ஒட்டக்கூடாது. இது இரண்டையும் தவிர அந்த நாட்களில் நான் தெய்வத்திடம் வேறெதையும் கேட்கவில்லை. இரண்டுக்கும் வார்டுதான் வழி என்று நினைத்தேன்.

இவருக்கோ வார்டு என்ற சொல்லே ஆகாது. "அங்க போனவன் எவன் நடந்து வந்திருக்கான், சொல்லு பார்ப்போம். எங்க மில்லுல மூட்டை தூக்கின அண்ணன் போனாரு. திரும்பி வந்தது அவரு செருப்பு மட்டுந்தான்."

"அது மருந்து இல்லாத காலம்."

"மருந்துதான் வீட்டுலயும் தர்றாங்களே. செத்தாலும் நான் உங்க மூஞ்சியப் பார்த்துக்கிட்டே சாவுறேன்."

"நல்ல நாளும் அதுவுமா இதுதான் பேச்சா?" என்று நான் கத்த, பலகைக்கு அந்தப்புறத்திலிருந்து, "மெதுவா லா, பிள்ளை தூங்குது!" என்று பக்கத்து அறை அக்கா தட்டினார்.

பேசித் தீராத காரியத்தை எங்கள் ஊர்ச்சனம் எப்படித் தீர்க்குமோ அப்படியே தீர்ப்பதென்று முடிவு செய்தோம். அம்மனிடம் பூக்கட்டிப் பார்ப்பது. வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம். இரண்டையும் சந்நிதியில் போட்டு, விஷயம் தெரியாத யாரையாவது ஒன்றை எடுக்கச் சொல்ல வேண்டும். வெள்ளை வந்தால் வீடு, சிவப்பு வந்தால் வார்டு. அம்மன் சொல்வதுதானே நாளை அந்த உறைக்குள்ளும் இருக்கும் என்று நான் நிச்சயமாக நம்பினேன்.

கோவிலுக்குள் போனதும் இவர், "நீ போயி சூடம் வாங்கிட்டு வா. நான் கட்டி வைக்கிறேன்" என்றார். வாங்கிக்கொண்டு வந்தபோது வாழையிலைப் பொட்டலங்கள் இரண்டும் சந்நிதிப் படியில் கிடந்தன. நான் கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டேனே தவிர, அவற்றை உற்றுப் பார்க்கவில்லை.

ஊதுபத்தியோடு ஒரு சீனத்து அம்மா வந்தார். நம் கோவில்களுக்குச் சீனர்கள் வந்து கும்பிடுவது அங்கே புதிதல்ல. இவர் பணிவாக, "நியோன்யா, அம்பில் சத்து" என்று மலாயில், அம்மா, ஒன்று எடுங்கள் என்று கேட்டார். அந்த அம்மா சிரித்தார், எதற்கு என்று கேட்கவுமில்லை, ஒன்றை எடுத்து இவர் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பிரித்தோம். சிவப்பு அரளி.

எனக்கு அழுகையே வந்துவிட்டது, நிம்மதியில். இவர் மட்டும் அந்தப் பூவையும் சீனத்து அம்மா போன வழியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். சந்நிதியில் வந்த வாக்கு, அதை எப்படி மறுப்பார் என்று நானும் விட்டுவிட்டேன். அன்றைக்கே அவருடைய துண்டையும் டம்ளரையும் வார்டுக்குப் பையில் எடுத்து வைத்தேன்.

மறுநாள் டாக்டர் முன்னால் இருவரும் உட்கார்ந்தோம். "எங்களுக்குச் சம்மதம் ஐயா" என்றேன். பேப்பரில் இவர் கையெழுத்துப் போட்டார். நர்ஸைத்தான் நாங்கள் மிஸ்ஸி என்போம். சீனத்து மிஸ்ஸி ஒருத்தி ஓர் உறையை எடுத்து வந்து கிழித்தாள். டாக்டர் உள்ளே இருந்த சீட்டைப் பார்த்தார்.

"வீடு" என்றார்.

மூன்று நாள் தீபாவளி லீவு ஒன்றாகக் கிடைத்த மாதிரி இவர் முகம் மலர்ந்தது.

"ஐயா, அது தப்பா இருக்கும். வேற உறை பாருங்க" என்றேன்.

"ஏன் பிள்ளை?"

"அம்மன் வார்டுன்னு சொல்லிட்டா."

படித்த மனிதர், சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தார். "அம்மன் எப்பிடிச் சொன்னவா? விபரமாச் சொல்லுங்கோ" என்றார்.

நான் ஐந்தாவது வரை படித்தவள். ஆனாலும் இந்த விஷயத்தில் எனக்குத் தடுமாற்றமில்லை. பூ தெரியாமல் இலையில் மடிக்க வேண்டும். எடுப்பவருக்கு எதற்கென்று தெரியக்கூடாது. தெரிந்தால் அவர் மனசு கையை இழுக்கும். கேட்பது ஒரே தடவை. பிடிக்கவில்லை என்று மறுபடி கேட்டால் அது கேட்டதே ஆகாது. இதையெல்லாம் சொல்லச் சொல்ல அவர் கண் அகலமாகிக்கொண்டே வந்தது.

"பிள்ளை, இந்த உறை ஏன் எண்டு கேக்கிற ஆக்களுக்கு விளங்கப்படுத்த ஏலாமல் நான் இவ்வளவு நாளும் கஷ்டப்படுறன். நீங்கள் ஒரு மூச்சில சொல்லிப்போட்டியள்! நான் ஆளைப் பாத்துத் தெரிஞ்செடுத்தால், மெலிஞ்ச ஆக்களை இரக்கப்பட்டு வார்டில போட்டிடுவன். தெம்பான ஆக்கள் வீட்டுக்குப் போவினம். பிறகு வீட்டுக்காரர் நல்லாச் சுகமாகினம் எண்டு எழுதினால் அது பொய்தானே? என்ரை மனம் என்ரை கையை இழுக்கக்கூடாது. அதுக்குத்தான் உறை."

"அப்ப அதுவும் பூக்கட்டுறதுதானா ஐயா?"

"கிட்டத்தட்ட அப்பிடித்தான். எங்கட பொட்டலங்களும் எல்லாம் ஒரே அளவு, ஒரே தடிப்பு. வெளிச்சத்தில பிடிச்சாலும் உள்ளுக்கு இருக்கிறது தெரியாது."

"எங்களதும் அப்படித்தான். ரெண்டு பொட்டலமும் ஒண்ணு போலவே இருக்கணும். ஒண்ணு பெரிசு ஒண்ணு சின்னதுன்னா..."

இவர் இருமினார். டாக்டர் சட்டென்று திரும்பி நாடியைப் பிடிக்கப் போனார். ஆனால் கூடக் குடித்தனம் நடத்துகிறவளுக்கு எந்த இருமல் எங்கிருந்து வருகிறது என்று தெரியாதா? அது நெஞ்சிலிருந்து வந்த இருமல் இல்லை.

"என்னங்க, என் முகத்தைப் பாருங்க. பொட்டலத்துல என்ன பண்ணீங்க?"

அவர் என் முகத்தைப் பார்க்காமல் மிஸ்ஸியைப் பார்த்துச் சொன்னார். "வெள்ளைக்கு ரெண்டு இலை அதிகமாச் சுத்தினேன். கொஞ்சம் முன்னாடி தள்ளி வச்சேன். பெரிசாத் தெரிஞ்சா கை அதுக்குத்தானே போகும்னு..."

"சந்நிதியிலயா?"

"அந்த நியோன்யா மரியாதைக்காரம்மா போல. பெரிசை விட்டுட்டுச் சின்னதை எடுத்துட்டாங்க."

டாக்டர் முகத்தைத் துண்டால் துடைக்கிற மாதிரி மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. தமிழ் தெரியாத மிஸ்ஸியும் எதற்கோ சேர்ந்து சிரித்தாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பிள்ளைக்காக நெஞ்சுருகிக் கேட்ட கேள்வியில் இப்படி ஒரு வேலை!

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நேராக உட்கார்ந்தார். "இப்ப நான் சொல்லுறதைக் கேளுங்கோ. உங்களுக்கு வார்டுதான் வேணும் எண்டால், இந்த ஆராய்ச்சியை விட்டு வெளிய வாங்கோ. கட்டில் கிடைச்சவுடன் நானே படுக்க விடுறன். கோவிக்க மாட்டன். வைத்தியத்திலயும் குறை வராது. வெளியில போய் ரெண்டு பேரும் கதைச்சுப்போட்டு வாங்கோ."

வெளியே மரத்தடியில் ஒரு பெஞ்சு. ஆளுக்கொரு ஓரத்தில் உட்கார்ந்தோம்.

"அம்மன் உங்க திருட்டைப் பார்த்துட்டுத்தான் சிவப்பைக் குடுத்திருக்கா" என்றேன்.

"அப்படின்னா அது எனக்குப் போட்ட அடி. உன் கேள்விக்குப் பதில் இல்ல."

விளையாட்டாகத்தான் சொன்னார், ஆனால் அதில் நியாயம் இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அம்மா, ஒழுங்காகக் கேட்கத் தெரியாமல் உன்னிடம் வந்துவிட்டோம், மன்னித்துக்கொள் என்று முதலில் சொன்னேன். பிறகு மனசு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தது. கள்ளத்தனமாகக் கட்டிய பொட்டலத்தில் வந்தது சிவப்பாக இருந்தால் என்ன, வெள்ளையாக இருந்தால் என்ன, அதை எப்படி வாக்கு என்று எடுப்பது? மறுபடி கேட்கவும் முடியாது. உறையை மட்டும் எங்களில் யாரும் தொடவில்லை. டாக்டரும் தொடவில்லை. யார் ஆசையும் படாமல் வந்தது அது ஒன்றுதான். அம்மனுக்கு வாக்குச் சொல்ல வாழையிலைதான் வேண்டுமா?

ஆனால் பிள்ளை? எழுந்து நேரே உள்ளே போய் அதைக் கேட்டேன். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். மருந்து ஒழுங்காக உள்ளே போகத் தொடங்கினால் கிருமி சீக்கிரமே அடங்கிவிடும். அது மற்றவர்களுக்குப் பரவுவதும் குறைந்துவிடும். பிள்ளைக்கும் எனக்கும் படம் பிடித்துப் பார்ப்பார்கள், அதன் பிறகும் விடாமல் கவனிப்பார்கள். தான் சரி என்று சொல்லும்வரை இவர் தனியாகப் படுக்க வேண்டும், பிள்ளையைத் தூக்கக்கூடாது, வாயை மூடி இரும வேண்டும்.

"மருந்தை ஒரு நாளும் விடக்கூடாது. மிஸ்ஸி சொல்லாமல் வந்து பார்ப்பா" என்றார்.

"இவரை நான் பார்த்துக்குறேன் ஐயா. வீடே இருக்கட்டும்" என்றேன்.

இவர் பையிலிருந்து டம்ளரை எடுத்து என் கையில் கொடுத்தார், அப்போதே வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி.

அதன் பிறகு எங்கள் ஒற்றை அறைதான் வார்டு. ஜன்னலோரம் இவருக்கு ஒரு கித்தான் கட்டில், குறுக்கே என் பழைய சேலையில் ஒரு திரை. தட்டும் டம்ளரும் தனி. ஊசி போட க்ளினிக்குக்கு நடந்தே போவார், முதலில் தலை சுற்றுகிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு, பிறகு சுவரை மறந்து. மாத்திரைகளில் ஒரு வகை இருந்ததே, பெரிசு, கசப்பு, விழுங்கினால் வயிற்றைப் புரட்டும். வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுத்தேன். காலையில் விளக்கேற்றி, நெற்றியில் திருநீறு பூசி, உடனே மாத்திரையை நீட்டுவேன். திருநீறு நெற்றிக்கு, மாத்திரை வாய்க்கு. ஒன்றுக்காக ஒன்றை விடக்கூடாது என்பது என் சட்டம்.

டாக்டர் சொன்னபடியே மிஸ்ஸி சொல்லாமல் வருவாள். "மாக்கான் ஊபாட் சுடா?" என்று மலாயில், மருந்து சாப்பிட்டாச்சா என்று மாடிப்படியிலிருந்தே குரல் கொடுப்பாள். கையில் சின்ன பாட்டில். இவர் கொல்லைக்குப் போய் அதில் மூத்திரம் பிடித்துக்கொண்டு வர வேண்டும். அதில் அவள் ஏதோ ஒரு நீரைச் சொட்டுவிட்டால், மாத்திரை உள்ளே போயிருந்தால் நிறம் மாறிவிடும். முதல் தடவை அதைப் பார்த்துவிட்டு இவர் வாயைப் பிளந்தார்.

பக்கத்து அறை அக்கா திரைக்கு வெளியிலிருந்து, "என்ன தம்பி, இனிமே பெரிய இலை சுத்தி ஏமாத்த முடியாது போலிருக்கே!" என்றார். பூப்பொட்டலக் கதையை நான்தான் அவரிடம் சொல்லியிருந்தேன்.

"இது உள்ளேருந்தே சாட்சி சொல்லுதுக்கா" என்றார் இவர்.

மகள்தான் எங்கள் இருவரையும்விடக் கட்டுப்பாடாக இருந்தாள். அவளுக்கும் எனக்கும் படத்தில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த அன்று நான் கோவிலில் விழுந்து கும்பிட்டேன். அப்பாவைத் தொடக்கூடாது என்று ஒரு தடவைதான் சொன்னேன். கதவு நிலையில் உட்கார்ந்து இந்தப் பக்கம் வராமலே அவரோடு பேசுவாள். பாட்டுப் பாடுவாள். சண்டையும் போடுவாள். இவர் திரையை விலக்கிக் கட்டிலிலிருந்து பதில் சொல்வார்.

எனக்கு இன்னொன்றும் மனதில் உறுத்திக்கொண்டிருந்தது. எங்களுக்கு அடுத்ததாக அன்று உறை கிழிக்கப்பட்டது ஒரு மலாய் டிரைவருக்கு. அவருக்கு வார்டு வந்தது. அவர் மனைவி கைக்குழந்தையோடு அழுதுகொண்டே போனாள். நான் கேட்டது அவளுக்கும், அவள் கேட்டது எனக்கும் போய்விட்டதே என்று தோன்றும். விளக்கேற்றும்போது அந்தக் குடும்பத்தையும் சேர்த்துத்தான் கும்பிடுவேன்.

இவருடைய சதை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. சட்டை மறுபடி உடம்பில் நின்றது. சாயங்காலக் காய்ச்சல் எப்போது நின்றது என்று கேட்டால் தெரியாது. ஒரு நாள் தொட்டுப் பார்க்கவே மறந்துவிட்டேன், அப்புறம்தான் நினைவு வந்தது.

சளியில் கிருமி இல்லை, படத்தில் தழும்பு மட்டும்தான், மாத்திரையை நிறுத்தலாம் என்று டாக்டர் சொன்ன நாளுக்குள் ஒன்றரை வருஷம் ஓடி, மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். நான் அந்த மலாய் டிரைவரைப் பற்றிக் கேட்டேன்.

"அவர் போன மாதமே வேலைக்குப் போயிட்டார்" என்றார் டாக்டர். "நாங்கள் பாத்த அளவில ரெண்டு பக்கமும் ஒரே மாதிரித்தான் பிள்ளை. வார்டிலயும் சுகம், வீட்டிலயும் சுகம். மருந்து ஒழுங்காப் போகவேணும், அவ்வளவுதான்."

"அப்ப எந்தப் பூ வந்திருந்தாலும் சரிதானா ஐயா?"

"சரிதான். ஆனால் அது அண்டைக்கு எனக்கும் தெரியாது. உங்கட ஆள் மாதிரி நூறு பேர் வந்து இருந்து காட்டினபடியால்தான் இப்ப தெரியுது. இனி வாற ஆக்களை வீட்டை விட்டுப் பிரிக்கத் தேவையில்லை."

இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "கேட்டியா? ஆராய்ச்சியில நானும் ஒரு ஆளு" என்று என் முழங்கையைத் தட்டினார்.

வீட்டுக்கு வந்தோம். நான் திரையைக் கழற்றி மடித்தேன். பள்ளியிலிருந்து வந்த மகள் வழக்கம்போலக் கதவு நிலையிலேயே உட்கார்ந்தாள்.

"உள்ள வா. அப்பாவுக்குச் சரியாயிடுச்சு" என்றேன்.

அவள் நம்பவில்லை. "மிஸ்ஸி சொன்னாங்களா?"

"டாக்டரே சொல்லிட்டாரு."

எழுந்து மெதுவாக வந்து அவர் எதிரில் நின்றாள். அவர் கைகளை நீட்டினாரே தவிர, தானாகத் தொடவில்லை. அவள் முதலில் ஒரு விரலால் அவர் மீசையைத் தொட்டாள். பிறகு கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைத் தோளில் புதைத்தாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம்தான். சட்டென்று தலையைத் தூக்கி, "அப்பா, உங்க மேல ஒரே மருந்து வாடை. போயிக் குளிங்க" என்றாள்.

"காலையில குளிச்சேன்டா."

"மறுபடி குளிங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் துண்டை எடுத்துக் கொடுத்தேன். குளியலறைக் கதவுக்கு வெளியே அவள் காவல் நின்று, "சோப்புப் போட்டீங்களா? காதுக்குப் பின்னால போட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "போட்டேன் தாயி, போட்டேன்" என்று தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே இவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் விளக்கேற்றப் போனேன்.